உடைய மறுத்த கண்ணாடி

வந்த பெண்மணி உட்காரவே இல்லை.

எங்கள் அலுவலகத்தில் ஒரே ஒரு நல்ல நாற்காலிதான் உண்டு. வருகிறவர்களுக்காகவே அதைத் தினமும் தூசி தட்டி வைப்பேன். அவர் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தாரே தவிர உட்காரவில்லை. ஜன்னலுக்குப் போனார், கடிகாரத்தைப் பார்த்தார், திரும்பி வந்தார். பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கால் வலித்தது.

"உக்காருங்க மேடம். நாற்காலி ஒண்ணும் கடிக்காது," என்றேன்.

"இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பன்னெண்டு குடும்பம், விழப்போற கட்டடத்துக்குள்ள மூட்டை முடிச்சோட குடி போகப்போகுது. என்னால உக்கார முடியாது," என்றார்.

என் வாய் தானாக மூடிக்கொண்டது. அடிக்கடி நடக்கிற காரியமில்லை அது.

எங்கள் நிறுவனத்தில் மொத்தமே இரண்டு பேர். துப்பறிவது அக்கா. மூன்று சொல்லில் முடிகிற விஷயத்துக்கு நான்காவது சொல்லைச் செலவழிக்கமாட்டார் என்பதால் போலீஸ்காரர்கள் அவருக்கு 'நச்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் மிச்சம் பிடிக்கிற சொற்களையெல்லாம் நான் வாரி இறைப்பதால் எனக்கு 'லொடலொட'. அவர் என் கூடப் பிறந்த அக்கா இல்லை. ஆனால் திட்டுகிற உரிமையில் ஒரு குறையும் வைக்கமாட்டார்.

"ஆரம்பத்துலருந்து," என்றார் அக்கா.

"மண்ணு எவ்வளவு பளு தாங்கும், அதுமேல நிக்கற கட்டடம் என்ன ஆகும்னு கணக்குப் போட்டுப் பார்க்கற இன்ஜினீயர் நான். இந்தக் கட்டடம் நாலு மாடி. முன்பக்கம் கெட்டி மண்ணு. பின்பக்க மூலைக்கு அடியில மட்டும் களிமண். தண்ணியைக் குடிச்சுட்டுக் கொழகொழன்னு இருக்கு. மேல பளு இருக்கறவரைக்கும் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா வெளிய விடும். விட விட அமுங்கும்."

"மூலை இறங்கும்," என்றார் அக்கா.

"இறங்குது. மண்ணை வரிசையா ஸ்பிரிங் வெச்ச மாதிரி நினைச்சு ஒரு தடவை கணக்குப் போட்டேன். எனக்கே நம்பிக்கை வரலை. மண்ணு மொத்தத்தையும் சின்னச் சின்னக் கட்டமா வெட்டி, ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக் கட்டத்தை எப்படி அமுக்குதுன்னு கம்ப்யூட்டர்ல திரும்பப் போட்டேன். ரெண்டு வழியிலயும் ஒரே பதில். மூலை இறங்கிக்கிட்டே இருக்கு, நிக்கவே இல்லை."

"மெத்தையில ஒரு ஓரத்து ஸ்பிரிங் மட்டும் செத்துப்போன மாதிரி," என்றேன்.

"அதேதான். ஆனா இந்த மெத்தை மேல நாலு மாடி இருக்கு." மறுபடி ஜன்னலுக்குப் போனார். "எல்லாரையும் வெளிய அனுப்ப வெச்சேன். சொந்தக்காரங்க வீட்டுல ஒண்டிக்கிட்டு எத்தனை நாள் இருப்பாங்க? கடுப்பாகி, குடியிருப்போர் சங்கம் வேற ஒரு நிபுணரைக் கூட்டிட்டு வந்துச்சு. அவர், கணக்கு கிடக்கட்டும், சுவர் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்னார்."

"சுவர் பேசுமா?" என்றேன்.

"பேச வைப்போம். விரிசலுக்குக் குறுக்க ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை, ரெண்டு முனையிலயும் பிளாஸ்டர் வெச்சு ஒட்டுவோம். கண்ணாடி வளையாது, நீளாது. விரிசல் தலைமுடி அளவு அகண்டாக்கூடப் பட்டுனு உடைஞ்சுரும். உடைஞ்சா கட்டடம் நகருதுன்னு அர்த்தம். ஜனங்களை வெளிய அனுப்பின அன்னைக்கே நானே ஒட்டினேன். முன்சுவர்ல ஒண்ணு, பின்பக்கப் படிக்கட்டுல ஒண்ணு. என் கணக்கு சரின்னா பின்பக்கத்துக் கண்ணாடி எப்பவோ உடைஞ்சிருக்கணும்."

"உடையலை," என்றார் அக்கா.

"ஒரு கீறல்கூட இல்லையாம். நிபுணர் தினமும் போய்ப் பார்த்துட்டு, கட்டடம் பாறை மாதிரி நிக்குது, எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்னு எழுதிக் கொடுத்துட்டார். சங்கத்துக்காரங்க கட்டடத்தைச் சுத்திக் கயிறு கட்டி, என்னை அதைத் தாண்டவே விடறதில்லை."

"உங்க கணக்கு தப்பா இருந்தா?" என்றார் அக்கா.

அவர் நடப்பதை நிறுத்தினார். "தப்பா இருந்தா இன்னைக்கு ராத்திரி நிம்மதியாத் தூங்குவேன். நான் தப்புன்னே கண்டுபிடிச்சுச் சொல்லுங்க, உங்க கால்ல விழறேன். ஆனா அஞ்சு மணிக்குள்ள சொல்லுங்க."

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். நான் ஸ்கூட்டர் சாவியைத் தேட ஆரம்பித்தேன். அது வழக்கம்போல் என் சட்டைப்பையிலேயே இருந்தது.

கட்டடத்தைச் சுற்றிச் சிவப்புக் கயிறு. வாசலில் வாட்ச்மேன். கயிற்றுக்கு வெளியே இப்போதே இரண்டு வண்டியில் கட்டில், அலமாரி, சமையல் பாத்திரம் எல்லாம் வந்து நின்றன. இன்ஜினீயர் அம்மா தன் காரில் வந்து, தெருவுக்கு எதிர்ப்பக்கம் நிறுத்திவிட்டு, அங்கேயும் காரைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்.

நிபுணர் எங்களைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தார். "யார் நீங்க?"

"மூணாவது மாடியில வாடகைக்கு வீடு இருக்குன்னாங்க," என்றேன். "கட்டடம் சாயுதுன்னு வேற சொல்றாங்க. அதான் சாயறதுக்குள்ள பார்த்துட்டுப் போலாம்னு வந்தோம்."

"சாயறதாவது! வாங்க, நானே காட்டறேன்." உற்சாகமாகிவிட்டார். "கம்ப்யூட்டர்ல எதை வேணும்னாலும் சாய்க்கலாம் தம்பி. நான் கண்ணால பார்க்கறதை நம்பறவன்."

முன்சுவரில், இடுப்பு உயரத்தில், ஒரு பழைய விரிசல். அதன்மேல் விரல் நீளக் கண்ணாடித் துண்டு. முழுசாக இருந்தது. எவ்வளவு முழுசாக என்று பார்க்க ஓரத்தில் விரலை ஓட்டினேன். ரத்தம் வந்தது.

"தொடாதீங்க!" வாட்ச்மேன் பாய்ந்து வந்து, என் விரலைப் பார்க்காமல் கண்ணாடியைப் பார்த்தார். அது பத்திரமாக இருந்ததும்தான் அவருக்கு மூச்சு வந்தது. "இதைத் தொடக்கூடாதுங்க."

"எனக்கு ஒண்ணுமில்லைங்க, விசாரிச்சதுக்கு ரொம்ப நன்றி," என்று விரலைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டேன்.

பின்பக்கப் படிக்கட்டில் இன்னொரு விரிசல். முன்சுவர் விரிசலுக்கு இது அண்ணன். அதன்மேலும் கண்ணாடி. அதுவும் முழுசு. பக்கத்திலேயே சுவரில் பென்சிலால், ஒட்டிய தேதி. நிபுணர் கையை விரித்துக் காட்டினார். "பார்த்துக்கோங்க. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்றவர், முதல் மாடியில் காகிதங்களைப் பரப்பி வைத்திருந்த தன் மேசைக்குப் போய்விட்டார்.

அக்கா குனிந்து, கண்ணாடியின் மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் விரலை ஓட்டினார். மெதுவாக, இரண்டு முறை.

"தொடு," என்றார்.

"ஒரு நாளைக்கு ஒரு விரல் போதும்க்கா."

"தொடு தம்பி."

தொட்டேன். வழுவழுவென்று இருந்தது. முகம் பார்க்கிற கண்ணாடிக்கு ஓரம் தேய்ப்பார்களே, அந்த வழுவழுப்பு.

"ரெண்டும் ஒரே நாள், ஒரே ஆள் ஒட்டினது," என்றேன். "அங்க இருக்கறது கடிக்குது, இங்க இருக்கறது கொஞ்சுது."

கீழே இறங்கும்போது அக்கா வாட்ச்மேனிடம் கேட்டார்: "யாராவது வந்தாங்களா?"

"யாரும் வரலைங்க. நிபுணர் சார் மட்டும்தான். வேற யாரும் வரலை. நான் யாரையும் விடலைங்க." ஒரு 'இல்லை'க்கு மூன்று 'இல்லை' கொடுத்தார் மனிதர்.

தெருவைத் தாண்டினோம். இன்ஜினீயர் அம்மா ஓடி வந்தார்.

"கண்ணாடி எங்க வாங்கினீங்க?" என்றார் அக்கா.

"வாங்கலை. ஆபீஸ்ல உடைஞ்ச ஜன்னல் கண்ணாடி கிடந்துச்சு. நானே ரெண்டு துண்டு வெட்டிக்கிட்டேன்."

"ஓரம் தேய்ச்சீங்களா?"

"எதுக்கு? உடையறதுக்குன்னே ஒட்டற கண்ணாடிக்கு யாராவது மெருகு போடுவாங்களா?"

"போட்டிருக்காங்க."

அவர் முகத்தில் வெளிச்சமும் பயமும் ஒரே சமயத்தில் வந்தன. தன் கணக்கு சரி என்று தெரிந்து ஒருவர் அப்படி நடுங்கி நான் பார்த்ததில்லை. "அப்போ… அது உடைஞ்சிருக்கு. யாரோ மாத்தியிருக்காங்க. வாங்க, இப்பவே போய்ச் சொல்லிருவோம்!"

"ஓரம் வழுவழுன்னு இருக்குன்னு சொன்னா சிரிப்பார்," என்றார் அக்கா. "மாத்தின ஆள் வேணும்."

"இதுல என்னக்கா கஷ்டம்? கட்டின பில்டர்தான்!" என்றேன். "கட்டடம் சரியில்லைன்னு ஆனா அவன் பொழப்பு நாறிடும். ராவோட ராவா ஆள் வெச்சு மாத்திட்டான். வெட்ட வெளிச்சமா இருக்கு."

"பில்டர் ஆள் வெச்சிருந்தா ஒட்டிட்டு ஓடியிருப்பான்," என்றார் அக்கா. "இவன் படிக்கட்டுல போறவங்க கை கிழியுமேன்னு கவலைப்பட்டிருக்கான். கண்ணாடி வேலை செய்யறவன். அதுலயும் நல்லவன்." அன்றைய சொல் ஒதுக்கீட்டையெல்லாம் ஒரே மூச்சில் செலவழித்துவிட்டு, ஸ்கூட்டரின் பின்னால் ஏறிக்கொண்டார்.

சுற்றுவட்டாரத்தில் கண்ணாடிக் கடைகள் இரண்டு. முதல் கடையில் விரல் நீளத்தில் ஒரு துண்டு வெட்டித் தரச் சொன்னேன். சரக்கென்று வெட்டிக் கையில் கொடுத்தார்கள். இரண்டாவது விரலிலும் ரத்தம்.

"ஓரம் தேய்க்கணும்னா முதல்லயே சொல்லியிருக்கணும் சார்," என்றார் கடைக்காரர், ஏதோ நான்தான் அவர் கண்ணாடியைக் காயப்படுத்தியதுபோல.

"இவர் இல்லை," என்றார் அக்கா.

இரண்டாவது கடைக்குப் போகிற வழி முழுக்க வண்டிகள். ஒவ்வொரு சிக்னலும் எங்களைப் பார்த்தவுடன் சிவந்தது. அக்கா என் தோளில் விரலால் தட்டிக்கொண்டே வந்தார். அவருக்குப் பொறுமை போகும்போது வருகிற தட்டல் அது.

கடை பூட்டியிருந்தது. வாசலோரத்தில் கழிவுத் துண்டுகள் போட்ட ஒரு மரப்பெட்டி. அக்கா அதிலிருந்து தீப்பெட்டி அளவுத் துண்டு ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். மிச்சமிருந்த விரல்களை எண்ணிப் பார்த்துவிட்டுத் தொட்டேன். வழுவழு. இன்னொன்று. அதுவும் வழுவழு.

"குப்பைக்குப் போற கண்ணாடிக்கு மெருகா?" என்றேன்.

பக்கத்தில் சாவி செய்கிறவர் சிரித்தார். "அவர் வழக்கம் அது. குப்பை அள்றவங்களுக்கும் கைன்னு ஒண்ணு இருக்குல்லம்பார். அவரைப் பார்க்கணுமா? இன்னைக்கு வரமாட்டார். வீட்டுக்குத் திரும்பப் போறார்."

"எந்த வீடு?" என்றார் அக்கா.

"அதான், சிவப்புக் கயிறு கட்டியிருக்காங்களே, அந்தக் கட்டடம். மூணாவது மாடி, பின்பக்க மூலை. இன்னைக்குத் திறக்கறாங்கன்னு சம்சாரம் கைக்குழந்தையோட காலையிலருந்து துணி மூட்டையைக் கட்டிக்கிட்டு நிக்குதாம். மச்சானைக் கூட்டிக்கிட்டு இப்பத்தான் கிளம்பினார்."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நுனிமரத்தில் உட்கார்ந்து அடிமரத்தை வெட்டுகிறவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். பெண்டாட்டி பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வெட்டுகிறவனைக் கேள்விப்பட்டதில்லை.

"எவ்வளவு வாங்கினானோ பாவி," என்றேன்.

"ஓட்டு," என்றார் அக்கா.

ஐந்து மணி இன்னும் ஆகவில்லை. ஆனால் கயிறு அவிழ்ந்து கிடந்தது. நல்ல காரியத்தைத் தள்ளிப்போடுவானேன் என்று நிபுணர் முன்னாலேயே திறந்துவிட்டிருந்தார். பின்பக்கப் படிக்கட்டில் ஒரு இரும்பு அலமாரி ஏறிக்கொண்டிருந்தது. மேல் முனையில் மச்சான். கீழ் முனையில் குட்டையான ஓர் ஆள், விரல்கள் எல்லாம் வெள்ளைத் தழும்பு. அவருக்குப் பின்னால் மற்ற வீட்டுக்காரர்கள் மூட்டைகளோடு காத்திருந்தார்கள்.

"நிறுத்துய்யா!" என்று கத்தினேன். "பில்டர்கிட்ட எவ்வளவு வாங்கினே?"

"பில்டரா?" கண்ணாடிக்காரர் திரும்பிப் பார்த்தார். "அந்தாளு மூஞ்சியைப் பார்த்தே வருஷமாச்சு. யார் நீங்க?"

அக்கா சுவரைக் காட்டினார். "இந்தக் கண்ணாடியை மாத்தினது நீங்களா?"

"ஆமா."

மறுப்பார், ஓடுவார், நான் துரத்துவேன் என்று தயாராக நின்றவனுக்குச் சப்பென்று போய்விட்டது. மனிதர் 'மணி என்ன' என்றதற்குப் பதில் சொன்னதுபோல் சொன்னார்.

"எத்தனை தடவை?"

"மூணோ நாலோ. முதல்ல வாரத்துக்கு ஒண்ணு. இப்போ அடிக்கடி. நேத்துகூட ஒண்ணு மாத்தினேன். எதுக்கு ஒட்டறாங்கன்னே தெரியலை. என்ன மட்டமான இடமோ, வெச்சது நிக்கவே மாட்டேங்குது."

"நேத்தா?" வாசலில் ஒரு குரல். இன்ஜினீயர் அம்மா கயிற்றைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். "நேத்துமா உடைஞ்சது?"

"யார் மாத்தச் சொன்னது?" என்றார் அக்கா.

கண்ணாடிக்காரர் வாயைத் திறக்குமுன், கூட்டத்துக்குப் பின்னாலிருந்து வாட்ச்மேன் வந்து கடைசிப் படியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"நான்தாங்க. அவரைத் திட்டாதீங்க. இவர் இங்கேயே குடியிருக்கறவர், தெரிஞ்சவர்னு நான்தான் கெஞ்சினேன். உடைஞ்சது வெளிய தெரிய வேண்டாம், அதே அளவுல ஒண்ணு போட்டுக் குடுங்கன்னேன். பிளாஸ்டர் பை என் ரூம்லதான் கிடந்துச்சு." கையெடுத்துக் கும்பிட்டார். "சத்தியமா நான் உடைக்கலைங்க. கிட்டக்கூடப் போகலை. அதுவா உடையுது. ஆனா நான் சொன்னா யார் நம்புவாங்க? போன இடத்துல பசங்க பந்து பட்டு ஒரு ஜன்னல் கண்ணாடி போச்சு. நான்தான் கவனிக்கலைன்னு வேலையை விட்டே அனுப்பிட்டாங்க. இங்கேயும் அதே மாதிரி சொன்னாங்களேன்னு பயந்துட்டேன்."

"யார் சொன்னது?" நான் இப்போது நிபுணரைத்தான் பார்த்தேன். சத்தம் கேட்டு அவர் மேலிருந்து இறங்கி வந்திருந்தார். அவராகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாகவும் இருந்தது.

வாட்ச்மேன் தயங்கித் தயங்கிக் கையை நீட்டினார். கை நிபுணரைத் தாண்டிப் போய், வாசலில் நின்றது.

"இந்த அம்மாதாங்க. ஒட்டிட்டுப் போகும்போது சொன்னாங்க. 'இந்தக் கண்ணாடி ரொம்ப முக்கியம். இதுக்கு ஏதாவது ஆச்சு, நீங்கதான் பதில் சொல்லணும்'னாங்க."

காலையிலிருந்து நடந்துகொண்டேயிருந்த அம்மாவின் கால்கள் அசையாமல் நின்றன.

"சொன்னேன்," என்றார் இன்ஜினீயர் அம்மா. "பசங்க விளையாட்டா உடைச்சுருவாங்களோன்னு சொன்னேன். அது எதுக்குன்னு அவர்கிட்ட சொல்லவே இல்லை. உடைஞ்சா நல்லது, உடனே கூப்பிடுங்கன்னு ஒரு வார்த்தை… ரெண்டு விதமா கணக்குப் போடத் தெரிஞ்ச எனக்கு அது தோணலை." எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. அவர் நிமிர்ந்து, மூட்டைகளோடு நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "தப்பு அவர் மேல இல்லை. என் மேல. என்னை அப்புறம் திட்டிக்கோங்க, இப்போ எல்லாரும் வெளிய வாங்க. இந்தக் கண்ணாடி உடையறது, மூலை இறங்கறதுனால. அடிக்கடி உடையுதுன்னா வேகமா இறங்குது."

"வாய் வார்த்தையை நம்பி ஜனங்களை மறுபடி தெருவுல நிறுத்தணுமா?" என்று நிபுணர் ஆரம்பித்தார். "உடைஞ்ச துண்டு எங்க? ஆதாரம் எங்க?"

வாட்ச்மேன் எழுந்து தன் அறைக்குப் போனார். ஒரு பழைய பிஸ்கட் டின்னோடு வந்தார். குப்பையில் போட்டால் யாராவது பார்த்துவிடுவார்களே என்று ஒன்று விடாமல் அதில் ஒளித்து வைத்திருந்தார். முனைகளில் பிளாஸ்டர் ஒட்டியபடி, எல்லாத் துண்டுகளும் நடுவில் மட்டும், ஒரே மாதிரி உடைந்திருந்தன. முதல் ஜோடிக்கு ஓரம் கரகரப்பு. மற்றவை வழுவழு. கல்லெறிந்து உடைத்தால் அப்படி உடையாது என்று எனக்கே தெரிந்தது. நிபுணர் ஒரு துண்டை எடுத்தார், திருப்பிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துண்டை மெதுவாக டின்னிலேயே திரும்ப வைத்தார்.

கண்ணாடிக்காரர் தான் தேய்த்த துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ நான் மாத்தின ஒவ்வொரு தடவையும்…" என்றார். சட்டென்று அலமாரியை விட்டார். மேலே மச்சான் அலறினான். அவர் அதையும் கேட்கவில்லை, மாடிப்படி அதிரக் கத்தினார்: "ஏய்! கீழ வா! பெருக்கினது போதும், குழந்தையைத் தூக்கிட்டுக் கீழ வா! ஓடி வா!"

அந்தப் பெண், கையில் துடைப்பமும் தோளில் குழந்தையுமாக இறங்கி வந்து வாசலைத் தாண்டும்வரை நான் மூச்சு விடவில்லை. என்னைப்போல் இன்னும் பலர் விடவில்லை என்று, அவர்கள் சேர்ந்து விட்டபோது தெரிந்தது. அலமாரி படிக்கட்டிலேயே நின்றது. அதைத் திரும்ப இறக்க யாரையும் இன்ஜினீயர் அம்மா விடவில்லை.

எல்லாரும் வெளியே வந்ததும் வாட்ச்மேன் கயிற்றை எடுத்து, தூணுக்குத் தூண் இழுத்துக் கட்டினார். பிறகு கை கட்டி அம்மா எதிரே வந்து நின்றார். "இனிமே உடைஞ்சா என்னம்மா செய்யணும்?"

"உடையட்டும். எனக்கு ஃபோன் பண்ணுங்க. நடுராத்திரின்னாலும் பண்ணுங்க," என்றார் அவர். "என் மேல தப்பு. மன்னிச்சுருங்க."

அப்போதுதான் நிபுணருக்கு ஞாபகம் வந்தது. "அடடா, என் பையும் பேப்பரும் முதல் மாடியில இருக்கு. ரெண்டே நிமிஷம்." கயிற்றைத் தூக்கிக் குனிந்தார்.

வாட்ச்மேன் அவர் எதிரே போய் நின்றார். "இல்லைங்க."

"என்னய்யா இல்லை? நான் யார் தெரியும்ல? தினமும் நீதானே கதவைத் திறந்துவிட்டே!"

"திறந்தேங்க. இப்போ முடியாதுங்க."

"நகருய்யா!"

அவர் நகரவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. "கண்ணாடி உடைஞ்சா வேற வெட்டி ஒட்டிக்கலாம் சார். நீங்க உடைஞ்சா எங்க போய் வாங்கறது?"

கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. நிபுணர் கயிற்றைக் கீழே விட்டு, ஓரடி பின்னால் வந்தார். வாட்ச்மேன் முடிச்சை அவிழ்த்து இன்னும் இறுக்கமாகப் போட்டுவிட்டு, வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.